வழுக்கை நாணயம்

பல்செட் செய்பவரின் சமையலறையில் மூன்று ஸ்டூல்கள் இருந்தன. ஒன்றில் மேடம் உட்கார்ந்தார். இன்னொன்றில் எங்களோடு வந்த ஏட்டு உட்கார்ந்தார். கால் ஆடுகிற மூன்றாவது எனக்கு வந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் ஆடுகிற ஸ்டூல் என்னை எப்படியோ கண்டுபிடித்துவிடும். துப்பறிகிற மூளை எனக்கு இருக்கிறதோ இல்லையோ, அதற்கு இருக்கிறது.

மேசைமேல் ஒரு பீங்கான் தட்டு, காது குடையும் பஞ்சுக்குச்சிகள், சமையல் சோடா கரைத்த கிண்ணம், ஒரு பாட்டிலில் பழுப்புத் திராவகம். ரேடியோ ரிப்பேர் செய்பவர்கள் தாமிரத் தகட்டை அரிக்க வைத்திருப்பார்களே, அதே திராவகம்தான் என்றார் பல்செட்காரர். பகலெல்லாம் ஊராருக்குப் பல் செய்து கொடுத்துவிட்டு, கிடைக்கிற நேரத்தில் தேய்ந்த நாணயங்களுக்கு வருஷம் வரவழைப்பது அவருடைய பைத்தியம். அவர் மனைவி சிங்க்கின் பழுப்புக் கறையைத் தேய்த்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். அந்தப் பைத்தியத்தைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பதை முதுகே சொல்லிவிட்டது.

ஏட்டு சட்டைப்பையிலிருந்து சீல் வைத்த கவரை எடுத்தார். உள்ளே ஒரே ஒரு நாணயம். ஒரு பக்கம் இருந்த தலை வெறும் நிழலாகிவிட்டது. மறுபக்கம் வருஷம் இருக்க வேண்டிய இடம் சுத்த வழுக்கை.

"ஒண்ணுதானா?" என்று கேட்டார் பல்செட்காரர்.

"கோர்ட் ஒண்ணுக்குத்தான் பர்மிஷன் கொடுத்திருக்கு. மீதிக் காசெல்லாம் சீல் வெச்சு ஸ்டேஷன்ல இருக்கு. அதுங்களும் இதே லட்சணம்தான்" என்றார் ஏட்டு.

இந்த வழுக்கை நாணயம் ஒரு செத்த மனிதரின் பையில் கிடைத்தது. அதில் எந்த வருஷம் இருக்கிறது என்பதைப் பொறுத்து, உயிரோடு இருக்கிற ஒரு மனிதர் ஜெயிலைவிட்டு வெளியே வருவார், அல்லது வரமாட்டார்.

உள்ளே இருப்பவர் சலவைக் கடைக்காரர். அவர் கடையின் மொட்டைமாடியில் பல வருஷமாகக் காய்ந்து கிடந்த ஒரு சிமென்ட் தொட்டி உண்டு. வெந்நீருக்கு சோலார் வைக்கலாம் என்று அதை உடைக்க ஆள் வந்தபோது, உள்ளே ஒரு போர்வை, ஒரு சட்டை, எலும்புகள். சின்ன வயதில் உடைந்து கோணலாகச் சேர்ந்த இடது கை எலும்பையும், பையில் இருந்த கடை வாசல் சாவியையும் பார்த்து, சலவைக்காரரே அடையாளம் சொல்லிவிட்டார். அவருடைய அண்ணன். தொண்ணூற்று மூன்றாம் வருஷம் சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவர்.

சண்டை ஒரு சலவை மெஷினால் வந்தது. தம்பி வாங்கலாம் என்றார். கையால் துவைக்கிற துணிக்குத்தான் மரியாதை என்றார் அண்ணன். பேச்சு முற்றித் தெருவே கூடியபோது தம்பி கத்தியது இன்றைக்கும் அங்கே சிலருக்கு ஞாபகம் இருக்கிறது. 'இந்த வாசப்படிய மிதிச்சே, காலை வெட்டிடுவேன்.' அந்த மாதமே மாடித் தொட்டியில் கீறல் என்று சொல்லித் தண்ணீர் விடுவதை நிறுத்தி, மூடி போட்டுவிட்டார்கள். போலீசுக்கு இதற்குமேல் என்ன வேண்டும். கொன்று, போர்வையில் சுற்றி, தொட்டிக்குள் போட்டுவிட்டார் என்று முடித்துவிட்டார்கள். எலும்பில் அடிபட்ட அடையாளம் எதுவும் இல்லை என்றார் டாக்டர். எத்தனை வருஷத்து எலும்பு என்று கேட்டதற்கு, அந்தச் சூட்டில் ஐந்தும் இருக்கலாம், முப்பதும் இருக்கலாம் என்று கையை விரித்துவிட்டார்.

எங்களைக் கூப்பிட்டது சலவைக்காரரின் மனைவி. மேடம் இப்போது தனியாகத் துப்பறிகிறார், முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தீப்பிடித்த கடைகளைச் சோதிக்கிறவராக இருந்தார். தானாகப் பிடித்த தீ எது, கொளுத்திய தீ எது என்று சாம்பலைப் பார்த்தே சொல்வார். நான் அவருக்கு வண்டி ஓட்டுகிறவன். வாய் ஓயாது என்பதாலும், அதற்கு முன்னால் ஆம்புலன்ஸ் ஓட்டியவன் என்பதாலும் எனக்கு 'சைரன்' என்று பேர் வைத்துவிட்டார். ஆம்புலன்ஸில் ஒரு விஷயம் பழகிப்போனது. பின்னால் படுத்திருப்பவர் யாராக இருந்தாலும் என் மனசில் ஒன்றும் அசையாது. வாய் மட்டும் ஏதாவது ஜோக்கடிக்கும். வேலையை விட்ட பிறகும் இரண்டும் என்னைவிட்டுப் போகவில்லை.

இந்தக் கேஸில் எல்லோருமே அப்படித்தான் இருந்தார்கள். ஜெயிலில் போய்ப் பார்த்தபோது சலவைக்காரர் எது சொன்னாலும் "சரி" என்றார். நீங்கள் செய்யவில்லைதானே என்று மேடம் கேட்டதற்கும் "சரி" என்றார். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். மனைவியோ நாங்கள் போனபோதெல்லாம் துணி மடித்துக்கொண்டே பேசினார். அழுதும் நான் பார்க்கவில்லை, சாமியைக் கூப்பிட்டும் பார்க்கவில்லை. நாணயத்தில் எது வந்தாலும் உடனே போன் செய்யுங்கள் தம்பி என்று மட்டும் என்னிடம் சொல்லியிருந்தார்.

மேடத்தின் கணக்கு சுலபமானது. தொண்ணூற்று மூன்றுக்குப் பிறகு அச்சடித்த நாணயம் பையில் இருந்தால், அந்த மனிதர் தொண்ணூற்று மூன்றில் செத்திருக்க முடியாது.

"தேஞ்சு போனது எப்படிங்க திரும்ப வரும்?" என்று ஏட்டு கேட்டார்.

அந்தக் கேள்விக்காகவே பிறந்தவர்போலப் பல்செட்காரர் நிமிர்ந்தார். அச்சு ஓங்கி விழும்போது எண் இருக்கிற இடத்தில் உலோகம் உள்ளே வரைக்கும் இறுகிப் போகும், மேலே தேய்ந்தாலும் உள்ளே அந்த இறுக்கம் இருக்கும், திராவகம் இறுகிய இடத்தையும் இறுகாத இடத்தையும் ஒரே மாதிரி அரிக்காது, அதனால் எண் திரும்ப எழுந்து நிற்கும் என்று விளக்கினார். ஒரு சொட்டுக் கூடினாலோ, கழுவக் கொஞ்சம் தாமதித்தாலோ எண்ணையும் சேர்த்துத் தின்றுவிடும். அப்புறம் கடவுளே வந்தாலும் முடியாது.

"இப்படி வரவழைச்ச காசை எந்த வியாபாரியும் வாங்க மாட்டான். கறை விழுந்துடும்ல" என்று சிங்க் பக்கத்திலிருந்து மனைவி சொன்னார். "கெட்டுப்போன காசை இன்னும் கெடுக்கறதுக்கு என் சிங்க்கையும் கெடுக்கணுமாம்."

பல்செட்காரர் அதைக் காதில் வாங்காமல் பஞ்சுக்குச்சியைத் திராவகத்தில் தொட்டு, வழுக்கையின்மேல் ஒரு சொட்டு வைத்தார். நாங்கள் எல்லோரும் மேசைமேல் குனிந்தோம். ஏட்டின் மூச்சு என் காதில் பட்டது. காலையில் வெங்காயம் சாப்பிட்டிருக்கிறார். அதுவும் ஒரு துப்பு.

கழுவினார். ஒன்றுமில்லை. இன்னொரு சொட்டு வைத்தார், கழுவினார். பழுப்பு வட்டத்துக்குள் ஒரு ஒன்று எழுந்தது, பக்கத்தில் ஒரு ஒன்பது, அப்புறம் இன்னொரு ஒன்பது. நாலாவது இடம் மங்கலாகவே இருந்தது. ஏழாக இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். ஏழாக இருந்தால் சலவைக்காரர் வெளியே. மேடத்தின் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன. மூன்றாவது சொட்டு வேண்டுமா என்று பல்செட்காரர் கண்ணால் கேட்டார். மேடம் தலையசைத்தார்.

கழுவி, சோடாத் தண்ணீரில் முக்கி, துடைத்து வெளிச்சத்தில் நீட்டினார். இரண்டு.

தொண்ணூற்று இரண்டு. அண்ணன் காணாமல் போனதற்கு முந்தின வருஷம். போலீஸ் சொல்கிற கதைக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி ஒரு வருஷம். அரசாங்க வக்கீல் கையில் இந்தக் காசு கிடைத்தால் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடுவார். ஏட்டு கவர்மேல் எண்ணை எழுதிக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை அவர், எங்கள் முகத்தைப் பார்க்காமல்தான் எழுதினார்.

நான் சலவைக்காரரின் மனைவிக்கு போன் செய்தேன். அந்தப் பக்கம் இஸ்திரிப் பெட்டியின் ஆவிச் சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னேன்.

"சரி தம்பி" என்றார். ஆவிச் சத்தம் மறுபடி கேட்டது. அவர் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

போனை வைத்துவிட்டு ஸ்டூலுக்கு வந்தேன். யாரும் பேசவில்லை. பேசாத இடத்தில் என் வாய்க்கு உட்காரத் தெரியாது.

"பொறந்த மறுவருஷமே பல்லெல்லாம் கொட்டிப்போச்சு பாருங்க இந்தக் காசுக்கு. நல்லவேளை, சரியான வீட்டுக்குத்தான் தூக்கிட்டு வந்திருக்கோம்" என்றேன்.

ஏட்டு மட்டும் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையில், வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"என்ன சொன்னே? திரும்பச் சொல்லு."

"பல்லு கொட்டிப்போச்சுன்னு..."

"எத்தனை வயசுல?"

"ஒரு வயசுல." சொல்லும்போதே எனக்கும் ஏதோ தட்டியது.

மேடம் பல்செட்காரர் பக்கம் திரும்பினார். அச்சடித்து ஒரே வருஷம் கைமாறிய நாணயம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அவர் உள்ளேபோய் ஆல்பத்தைக் கொண்டுவந்தார். தபால்தலை ஆல்பம்போலக் கண்ணாடிக் காகிதப் பைகள். போன வருஷத்து நாணயம் ஒன்றை வைத்தார். எண்கள் விரலில் குத்தின. பத்து வருஷப் புழக்கம் ஒன்றை வைத்தார். எண்ணின் முனை மழுங்கியிருந்தது, அவ்வளவுதான். இருபத்தைந்து வருஷத்துக்குமேல் கைமாறியது ஒன்றை வைத்தார். அது எங்கள் வழுக்கையின் உடன்பிறப்பு.

பல்செட்காரர் மெதுவாக உட்கார்ந்தார். "இத்தனை வருஷமா வருஷத்தை மட்டும்தாங்க பார்த்திருக்கேன். தேய்மானத்தை அழிச்சுட்டு அடுத்த காசுக்குப் போயிடுவேன். அதையே திரும்பிப் பார்க்கணும்னு தோணினதே இல்ல."

"எனக்கும்தான் தோணல" என்றார் மேடம். "வருஷம் தெரியலையேன்னு தவிச்சோம். அது ஏன் தெரியலைன்னு கேக்கவே இல்ல."

தான் போலீஸ்காரர் என்பதை ஏட்டு மறக்கவில்லை. "மேடம், அது சலவைக் கடைக் காசு. துணியோட சேர்ந்து மெஷின்ல உருண்டு தேஞ்சிருக்கலாமே?"

"அந்தக் கடைக்கு மெஷின் எப்போ வந்துச்சு?"

ஏட்டு யோசித்தார். மெஷின் வேண்டாம் என்றுதானே சண்டை. அண்ணன் போன பிறகுதான் மெஷின் வந்தது. அவர் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார்.

"இந்த ஒரு காசுன்னா பையில போட்டு விரலால தேய்ச்சுக்கிட்டே இருந்திருப்பார்னு சொல்லலாம். எல்லாக் காசும் இதே லட்சணம்னு நீங்களே சொன்னீங்க. தொண்ணூத்தி ரெண்டுல அடிச்ச காசு இப்படி ஆகணும்னா இருபது, இருபத்தஞ்சு வருஷம் கடை கடையாச் சுத்தியிருக்கணும். சுத்திட்டுத்தான் அவர் பைக்கு வந்திருக்கு. அதுவரைக்கும் அவர் எங்கேயோ உயிரோட இருந்திருக்கார்."

சிங்க் பக்கம் தண்ணீர் நின்றது. பல்செட்காரரின் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, முதல் தடவையாக அந்த நாணயத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

எனக்குச் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. உயிரோடு இருந்தவர் தம்பியின் மாடித் தொட்டிக்குள் எப்படி வந்தார் என்பதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஏட்டு நாணயத்தோடு ஸ்டேஷனுக்குப் போனார். நாங்கள் நேரே சலவைக் கடைக்குப் போனோம்.

கடை நீளமான ஒரே அறை. முன்னால் கவுன்ட்டர், நடுவில் இஸ்திரி மேசைகள், பின்னால் மெஷின். சுவரோரம் கூரைவரைக்கும் தட்டுகள். மேல் தட்டுகளில் வாங்கிப் போக வேண்டிய துணிகள், கீழே கடைசித் தட்டில் யாரும் வாங்க வராத துணிகள். பின்சந்திலிருந்து மாடிக்கு ஒரு இரும்பு ஏணி. வெளியே இருந்து பார்த்தால் அது இருப்பதே தெரியாது.

மனைவி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கணவர் உள்ளே போனதிலிருந்து அவர்தான் போடுகிறார். நாணயம் சொன்ன புதுக் கதையை மேடம் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டே ஒரு பேன்ட்டின் மடிப்பை நேராக்கினார்.

மேடம் கோப்பிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேசைமேல் வைத்தார். எலும்புகளோடு கிடைத்த சட்டையின் காலர். உள்பக்கம் அழியாத மையில் ஒரு சலவைக் குறி. பக்கம் பக்கமாக இரண்டு புள்ளி, கீழே ஒரு கோடு.

"இதை உங்ககிட்ட யாராவது காட்டினாங்களா?"

"இல்ல. அவர்கிட்ட காட்டியிருப்பாங்க. அவர் எங்க பார்த்திருக்கப் போறாரு." குனிந்து பார்த்தார். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்தி வைத்தார். "இது நான் போட்ட குறி."

"சலவைக்காரர் சட்டையில சலவைக் குறி இருக்கறது இயல்புதானேன்னு போலீஸ் எழுதியிருக்காங்க."

"எங்க வீட்டுத் துணிக்குக் குறி போட மாட்டோம் மேடம். எந்தச் சலவைக்காரர் வீட்டுலயும் போட மாட்டாங்க. தெரிஞ்ச துணிக்கு எதுக்குக் குறி? அது வாடிக்கைக்காரங்க துணிக்குத்தான்."

மேடம் என்னைப் பார்த்தார். என் வாயிலிருந்து ஒரு ஜோக்கும் வரவில்லை.

"இது யாரோட குறி?"

அவர் கீழே உட்கார்ந்து, கடைசித் தட்டில் கைவிட்டு, ஒரு வெள்ளைத் துணி மூட்டையை இழுத்தார். தூசியில் என் கண் எரிந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு லாட்ஜ் இருந்தது, மாதக் கணக்கில் தங்குகிற தனி ஆட்கள் இருக்கிற இடம் என்றார். லாட்ஜ் பையன் ஒரே பையில் எல்லார் துணியையும் கொண்டுவருவான். பெயர் கிடையாது, ஆளுக்கு ஒரு குறி. வருஷக்கணக்கில் அப்படித்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் லாட்ஜைத் திடீரென்று இடித்தார்கள். கடைசியாக வந்த பையை வாங்க யாரும் வரவில்லை.

முடிச்சை அவிழ்த்தார். இஸ்திரி போட்டு அடுக்கிய சட்டைகள், வேட்டிகள். ஒவ்வொரு காலராகத் திருப்பினார். நடுவில் ஒரு நீலச் சட்டை. இரண்டு புள்ளி, ஒரு கோடு.

சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. அப்புறம் அதன் கையை மடித்து, காலரைச் சரிசெய்து, மேசைமேல் தனியாக வைத்தார். வாடிக்கைக்காரர் வந்து நிற்பதுபோல இரண்டு கையாலும் வைத்தார்.

"பக்கத்துத் தெருவுலயா இருந்தாரு?" என்று கேட்டார். கேள்வி எங்களிடம் இல்லை.

மேடம் மாடிக்குப் போய், ஏணியையும் உடைத்த தொட்டியின் மிச்சத்தையும் பார்த்துவிட்டு வந்தார். போர்வையின் போட்டோவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிணத்தைச் சுற்றிக் கொண்டுவந்த போர்வை இல்லை அது, கீழே விரித்துப் படுத்த போர்வை என்றார். லாட்ஜ் போனதும் அண்ணன் போக்கிடம் இல்லாமல், இருட்டிய பிறகு பின்சந்து வழியாக ஏறி, காய்ந்த தொட்டிக்குள் படுத்திருக்கிறார். மழைக்கு மூடியை இழுத்துக்கொண்டிருக்கிறார். எத்தனை நாள் அப்படி ஓடியதோ தெரியாது. ஒரு நாள் எழுந்திருக்கவில்லை. யாரும் கொல்லவில்லை.

நாணயத்தையும், நீலச் சட்டையையும், பழைய லாட்ஜ் பையன் கொடுத்த வாக்குமூலத்தையும் வக்கீல் கோர்ட்டில் வைத்தார். கோணல் கைத் தாத்தா என்றுதான் லாட்ஜில் அவரைக் கூப்பிடுவார்களாம். அரசாங்க வக்கீல் கொஞ்சம் இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். சலவைக்காரரை அழைத்துவர நானும் மேடமும் போனோம்.

அவர் வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மேடம் பின்னாலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். வழுக்கை, இரண்டு புள்ளி, லாட்ஜ், ஏணி. அவர் ஒவ்வொன்றுக்கும் "சரி" என்றார். சிக்னலில் நின்றபோது, அந்த நீலச் சட்டையை மேடம் அவர் மடியில் வைத்தார்.

அவர் காலரைக் கட்டைவிரலால் தடவினார்.

"இது கஞ்சி போடாத சட்டை" என்றார். "ரெண்டு புள்ளி ஒரு கோடுக்கு மட்டும் கஞ்சி வேணாம்னு பையன் ஒவ்வொரு தடவையும் சொல்லுவான். யாரோ கழுத்துல அரிப்பு உள்ள ஆளுன்னு நினைச்சேன்." காலரைத் திருப்பிக் குறியைப் பார்த்துவிட்டு, "எங்க அண்ணனுக்குக் கஞ்சி ஆகாது. கழுத்தெல்லாம் தடிச்சுடும்" என்றார்.

பச்சை விழுந்தது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். நான் வண்டியை எடுத்தேன்.

"எத்தனை வருஷமா வந்துச்சுன்னு சொன்னீங்க?"

"மெஷின் வாங்கின ரெண்டாவது வருஷத்துலேர்ந்துன்னு உங்க வீட்டுல சொன்னாங்க" என்றார் மேடம்.

"அப்போ அவன் சட்டை எல்லாத்துக்கும் நான்தான் இஸ்திரி போட்டிருக்கேன்."

தெருமுனையில் திரும்புகிற இடத்தில், அண்ணன் பையில் இருந்தது வாசல் சாவிதானே என்று சலவைக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். பூட்டை ஒருநாளும் மாற்றவில்லை, இன்றைக்கும் அதே பூட்டுதான் என்றார். மாற்றினால் அவன் வந்து திறக்க முடியாதே என்று விட்டுவைத்தாராம். மனைவி எத்தனையோ தடவை சொல்லியும் மாற்றவில்லையாம்.

கடை வாசலில் வண்டியை நிறுத்தினேன். மனைவி கதவை முழுசாகத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அக்கம்பக்கத்துக்காரர்கள் சிலரும் நின்றார்கள், முப்பது வருஷத்துக்கு முன்னால் சண்டையைக் கேட்டவர்களும் அதில் இருந்திருப்பார்கள். அவர் இறங்கினார். வாசல்வரை போனார். படிக்கு முன்னால் நின்று, கீழே அந்தப் படியையே பார்த்தார். கல் படி, நடுவில் ஆட்கள் மிதித்து மிதித்துக் குழிந்திருந்தது.

அவர் அதை மிதிக்கவில்லை. திரும்பி, சுவரோரமாக நடந்து பின்சந்துக்குப் போனார். மனைவி பின்னாலேயே போனார். நானும் போனேன். அவர் நீலச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இரும்பு ஏணியின் முதல் கம்பியைப் பிடித்தார்.

"இந்த வயசுல வேண்டாங்க" என்றார் மனைவி.

"யார் பேச்சையும் கேக்க மாட்டான் எங்க அண்ணன்" என்றார் அவர். "அப்பா பேச்சைக் கேட்டதில்ல. ஊர் பேச்சைக் கேட்டதில்ல. கையில சாவியை வெச்சுக்கிட்டு, நான் சொன்ன அந்த ஒரே ஒரு பேச்சைக் கேட்டிருக்கான்."

ஜெயிலில் வராத அழுகை, கோர்ட்டில் வராத அழுகை, சுவரோடு முகத்தை ஒட்டிக்கொண்டு அங்கேதான் வந்தது. மனைவி அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அவர் ஏற ஆரம்பித்தார்.

ஏணியின் ஒரு கால் தரையில் சரியாகப் பதியாமல் ஆடியது. ஆடுகிறது எதுவும் என்னைத்தான் தேடிவரும். குனிந்து அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கண்ணைத் துடைக்கக் கை இல்லை. அவர் மேலே போய்ச் சேரும்வரை விடவில்லை.